எருக்குழிக்குக் காய்ச்சல் பார்த்த நர்ஸம்மா

கோயமுத்தூரில் அந்தக் காலத்தில் பேர்பெற்ற டாக்டர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் எருக்குழிக்குத் தர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சல் பார்த்தவர் இந்த ஜில்லாவிலேயே ஒருவர்தான். வேண்டுமானால் நீலகிரி ஜில்லாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் நர்ஸம்மா, அவ்வளவுதான்.

ஊருக்குச் சிறுவாணித் தண்ணீர் குழாயில் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திரும்பிய பக்கமெல்லாம் புது மில்லுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பஞ்சு ஜின்னிங் பாக்டரியில் குமாஸ்தா. கல்யாணம் ஆகாதவன். ஒரே கூரைக்குக் கீழே எட்டு வீடுகள் வரிசையாக இருந்த ஒரு லைனில் ஐந்தாம் நம்பரில் குடியிருந்தேன். எட்டாம் நம்பரில் நர்ஸம்மா. மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை. எப்போதும் வெள்ளைச் சேலை, வலது முழங்காலில் வலி, பேச்சில் மட்டும் எந்தக் குறையும் கிடையாது.

அவர் வீட்டுக்குப் பின்னால் மூன்று குழிகள் இருந்தன. ஒண்ணாம் வார்டில் புதுக் குப்பை. இரண்டாம் வார்டில் பாதி மக்கியது. மூன்றாம் வார்டில் இருப்பது முழுக்க மக்கி, காப்பித்தூள் மாதிரி உதிர்ந்து, டிஸ்சார்ஜுக்குத் தயாராக இருக்கும். ஒண்ணாம் வார்டு சூடேறினால்தான் குப்பை ஒழுங்காக மக்குகிறது என்று அர்த்தமாம். அதற்காக முதல் தடவை ஆஸ்பத்திரித் தர்மாமீட்டரைச் செருகினாராம். பாதரசம் உச்சிக்கு ஏறிக் கண்ணாடி டப்பென்று உடைந்துவிட்டது. "நல்ல காய்ச்சலுங்க!" என்று அம்மையாருக்கு ஒரே சந்தோஷம்.

பிறகு அவருக்கு ஒரு மரப்பிடித் தர்மாமீட்டர் கிடைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்த வெள்ளைக்கார லேடி டாக்டர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. குழந்தைகளைக் குளிப்பாட்டும் வெந்நீரில் மிதக்கவிடுவது. அதைத்தான் குழிக்குள் விட்டு எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து, சுவரில் கரித்துண்டால் எழுதிவைப்பார்.

ஒருமுறை நான் மலேரியா வந்து கிடந்தேன். நர்ஸம்மா அந்த மரப்பிடியோடு வந்து நின்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா, அது குழியில வெக்கறதுங்க!"

"கழுவிப்போட்டுத்தான் கொண்டாந்திருக்கேன். கையத் தூக்குங்க தம்பி."

அக்குளில் வைத்து எடுத்துப் பார்த்தார். முகத்தில் ஒரு ஏமாற்றம். "வெறும் நூத்திமூணுதானுங்க. ஒண்ணாம் வார்டுல நூத்திநாப்பது. அதுவே சத்தமில்லாம படுத்திருக்குது, நீங்க என்னமோ இந்த முனகு முனகறீங்க" என்று சொல்லிவிட்டுக் கொய்னா மாத்திரையையும் கஞ்சியையும் வைத்துவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்க மூன்று வேளையும் கஞ்சி வந்தது. திட்டும் மூன்று வேளை வந்தது.

எங்கள் லைனில் யாரும் எதையும் எறிய முடியாது. கீரைத்தண்டு, வாழைப்பழத் தோல், அடுப்புச் சாம்பல், காய்ந்த மல்லிகைச் சரம் எல்லாம் எட்டாம் நம்பருக்குச் சேரவேண்டும். யாராவது தெருவில் வீசினால் பொறுக்கி எடுத்துவந்து கதவைத் தட்டுவார். "இது உங்க ஊட்டுதுங்களா? தொலச்சுப்போட்டீங்களாட்ட இருக்குது" என்று பணிவாக நீட்டுவார். கல்யாண வீடுகளுக்கு எல்லோரும் முன்வாசல் வழியாகப் போவார்கள். நர்ஸம்மா மொய்ப்பணத்தோடு பின்வாசல் வழியாகப் போவார். எச்சில் இலை அங்கேதானே வந்து விழும்!

ஒருநாள் எங்கள் பாக்டரிக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சேலையும் கண்ணாடியுமாக நேரே மானேஜர் மேஜைக்கு முன்னால் போய் நின்று, "ஏனுங்க, இங்க பஞ்சுத் தூசி எவ்வளவு சேருது? எங்க கொட்டறீங்க?" என்று கேட்டார். மானேஜர், சுகாதார இலாகாவிலிருந்து யாரோ சோதனைக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார். "நாங்க உடனே அப்புறப்படுத்திடறோமுங்க" என்றார். "நல்லதுங்க. அட்ரஸ் இவருக்குத் தெரியும்" என்று என்னைக் காட்டினார் நர்ஸம்மா. அன்று சாயங்காலமே இரண்டு வண்டித் தூசி எங்கள் லைனுக்கு வந்து இறங்கியது. மானேஜர் அதற்கப்புறம் ஒரு மாதம் என்னிடம் மரியாதையாகப் பேசினார்.

இதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாதது மார்கழி.

எங்கள் பக்கத்தில் காட்டுக்கு, அதாவது விளைநிலத்துக்கு, எருக்குப்பை அடிப்பது சித்திரை, வைகாசியில்தான். கோடை உழவுக்கு முன்னால் வண்டி வண்டியாகக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். பல்லடத்திலிருந்து கொடுமுடி வரைக்கும் அதுதான் வழக்கம். நர்ஸம்மாவோ மார்கழி பிறந்த அன்று விடியற்காலையில் மூன்றாம் வார்டைத் திறப்பார். வாடைக் காற்றில் பல் கிட்டிப்போகும். போர்வைக்குள்ளிருந்து மூக்கை வெளியே நீட்ட எங்களுக்கு மனசு வராது. அவர் பாத்தி பாத்தியாக எருவைத் தூவி, மேலே சருகு போட்டு, அதற்கும் மேலே சாக்கைப் போர்த்தி, நாலு ஓரமும் செருகிவிடுவார், பிறந்த குழந்தைக்குச் செய்வது போல.

மூன்றாம் நம்பரில் பெருந்துறைக்காரர் ஒருவர் இருந்தார். பருத்தித் தரகர். சொந்த ஊரில் காடு இருக்கிறது என்பதால் விவசாயத்தில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது அவர் எண்ணம். வருஷா வருஷம் மார்கழி முதல் தேதி கம்பளியைச் சுற்றிக்கொண்டு வேலியோரம் வந்து நிற்பார்.

"ஏனுங்க நர்ஸம்மா, மார்கழில யாராச்சும் குப்பை போடுவாங்களா?"

"நான் போடறனுங்களே."

"அந்த வெள்ளைக்கார அம்மா ஊருல போடுவாங்க. அங்க ஐஸ்கட்டி உழுகுது. இங்க என்னத்துக்குங்க?"

"அவங்க சொன்னாங்கன்னுதான் மொதல்ல போட்டேன். ஒரு பாத்திக்கு மார்கழியில போட்டேன், ஒரு பாத்திக்கு உங்களையாட்ட சித்திரையில போட்டேன். சித்திரையில போட்டது வெயில்ல காஞ்சு காத்துல பறந்துபோச்சுங்க. ஐப்பசி மழ ஈரம் மார்கழியிலதானுங்க மண்ணுக்குள்ள நிக்குது. புழுவும் மேல வந்து திங்குது. எந்தப் பாத்திக் கத்திரிக்காய நீங்க போன மாசம் கேட்டு வாங்கிட்டுப் போனீங்கன்னு சொல்லட்டுங்களா?"

பெருந்துறைக்காரர் கம்பளியை இன்னும் இறுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். அடுத்த வருஷம் அதே தேதியில் அதே கேள்வியோடு வருவார். கிறிஸ்துமஸ் அன்றைக்காவது அம்மையார் சும்மா இருப்பார் என்று நினைத்தோம். சர்ச்சிலிருந்து வந்து, மற்ற ஏழு வீட்டுக்கும் கேக்கைக் கொடுத்துவிட்டு, அதே கையோடு மண்வெட்டியை எடுத்தார்.

இங்கே பண்ணாடியைப் பற்றிச் சொல்லவேண்டும். எட்டு வீடுகளுக்கும் சொந்தக்காரர். பல்லடத்துப் பக்கம் பெரிய பண்ணையம். நர்ஸம்மா குடிவந்தபோது பின்னால் கிடந்த இடம் வெறும் சுக்காங்கல் பாறை. "நாலு செடி வெச்சுக்கறனுங்க" என்று கேட்டிருக்கிறார். "இந்தக் கல்லுல புல்லு மொளைச்சாலே அதிசயம். வெச்சுக்கம்மா" என்று பண்ணாடி சிரித்துக்கொண்டே சொன்னாராம். அதற்கப்புறம் ஆறு வருஷம் அம்மையார் கல் பொறுக்கினார். பொறுக்கிய கல்லைச் சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு அடுக்கினார். கல் இருந்த இடத்தில் எருவைப் போட்டுப் போட்டு முழங்கால் ஆழத்துக்கு மண்ணை உண்டாக்கினார். கத்தரி, அவரை, கொத்தமல்லி, ஒரு ரோஜாவரிசை எல்லாம் வந்தன.

ஆறாம் வருஷம் கார்த்திகையில் பண்ணாடி மோட்டாரில் வந்தார். தோட்டத்துக்குள் போனார். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். முகர்ந்து பார்த்தார். ஆயிரம் ஏக்கர் இருந்தாலும் அவர் விவசாயிதான். கையிலிருந்த மண்ணைக் கீழே போட அவருக்கு மனசு வரவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

"நர்ஸு, பக்கத்து எடத்துல எம்மருமவன் பங்களா கட்டறான். தை பொறந்ததும் இந்தத் தோட்டத்த அவனுக்கு உட்டுப்போடு. ஊடு நீயே வெச்சுக்க. மண்ணு அப்பிடியே இருக்கட்டும், ஒரு செடி கூடப் புடுங்காத."

நர்ஸம்மா ஏதாவது சொல்வார் என்று நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று காத்திருந்தோம். அவர், "சரிங்க" என்றார். மலேரியாக்காரனை முனகக்கூட விடாத மனுஷி, பண்ணாடி முன்னால் இப்படியா வாயை மூடிக்கொள்வது?

மார்கழி பிறந்தது. இந்த வருஷம் எரு போடமாட்டார் என்று எல்லோரும் நினைத்தோம். யாருக்காகப் போடுவது? ஆனால் முதல் தேதி விடியற்காலையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. மூடுபனிக்குள் வெள்ளைச் சேலை கூடையோடு போவதும் வருவதுமாக இருந்தது. பெருந்துறைக்காரர்கூட வேலியோரம் வரவில்லை. நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் போர்வையோடு எழுந்து போனேன்.

"ஏனுங்கம்மா, உங்களுக்கு ரோசமே இல்லீங்களா? அந்த ஆளுக்கா தோட்டத்தத் தயார் பண்ணிக் குடுக்கறீங்க?"

"பாத்து நில்லுங்க தம்பி, பள்ளம்" என்றார்.

அப்போதுதான் காலடியைப் பார்த்தேன். நான் நின்ற இடம் பழைய மட்டத்துக்கு ஒரு முழம் கீழே இருந்தது. கோடியில் இரண்டு பாத்தி மண்ணைக் காணோம். அங்கே சுக்காங்கல் பரப்பிக் கிடந்தது.

"மார்கழியில எரு போடாம உடுவனுங்களா? போட்டுட்டுத்தான் இருக்கறேன். இங்க இல்லீங்க. ரயில் கேட்டுக்கு அக்கட்டால. ஒரு ஓட்டு ஊடும் நாலு செண்டு எடமும் வாங்கியிருக்கறேன். என்ர பேர்ல பத்திரமாயிருச்சுங்க."

"இந்த மண்ணையா தூக்கிட்டுப் போறீங்க? அவ்வளவு தூரமா? கூலிக்கு ஆள் வெக்கலாமுல்லங்க?"

"ஆளு வெச்சா பண்ணாடி காதுக்குப் போயிரும்." கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "தம்பி, எட்டு வயசுல எங்கம்மாகூட சேந்து குப்பை சொமந்தவ நான். சித்திரை வெயில்ல, காலுக்குச் செருப்பு போடக் கூடாது, ஒருத்தரு காட்டுல. மிஷன் பள்ளிக்கூடத்துல சேத்தற வரைக்கும் சொமந்தேன். எங்கம்மா சாகற வரைக்கும் சொமந்தா. எங்க தலையில ஏறுன குப்பை அத்தனையும் இன்னொருத்தரு காட்டுலதான் எறங்குச்சு. எங்கம்மாவுக்குன்னு ஒரு கைப்புடி மண்ணு இருந்ததில்ல. இது நான் உண்டாக்குன மண்ணு. இதையும் ஒருத்தரு காட்டுக்கு உட்டுப்போட்டு வரச் சொல்றீங்களா?"

அவர் அழவில்லை. நான்தான் பனி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வேடிக்கை ஒன்று நடந்தது. நர்ஸம்மா விடியுமுன்னே தோட்டத்தில் உழைக்கிறார் என்ற சேதி பண்ணாடிக்கு எட்டிவிட்டது. பெருந்துறைக்காரர்தான் விஷயம் புரியாமல் சந்தையில் உளறியிருக்கிறார். பண்ணாடிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. தன் மருமகனுக்காக இவ்வளவு பாடுபடுகிறாளே என்று பண்ணையிலிருந்து இரண்டு வண்டிச் சாணியை அனுப்பிவைத்தார். வண்டிக்காரர் ராசுவிடம், "மூணு நாள் அங்கயே இருந்து அந்தம்மா சொன்னதச் செஞ்சு குடுத்துப்போட்டு வா" என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

நர்ஸம்மா வண்டிக்காரர்களுக்குக் கம்பஞ்சோறும் மோரும் கொடுத்தார். வாய் நிறைய நன்றி சொன்னார். பிறகு ரயில் கேட்டுக்கு வழி சொன்னார். மூன்று நாளில் செடியும் மண்ணுமாக முக்கால் தோட்டம் பண்ணாடி வண்டியில், பண்ணாடி மாடு இழுக்க, ஊர்வலமாக ரயில் பாதையைத் தாண்டிப் போயிற்று. பண்ணாடி அனுப்பிய சாணியும் கூடவே போயிற்று. ராசுவுக்கு எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று நன்றாகத் தெரியும். "சொன்னதச் செய்யச் சொன்னாருங்க, செய்யறனுங்க" என்று மாட்டைத் தட்டினார்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு, ராசு கடைசி நடைக்கு வண்டி பூட்டும் நேரத்தில், யாரும் எதிர்பார்க்காமல், பண்ணாடி மருமகனைக் கூட்டிக்கொண்டு மோட்டாரில் வந்து இறங்கிவிட்டார். தோட்டத்தைக் காட்டப் பின்பக்கம் போனவர் அப்படியே நின்றார். அவர் முன்னால் ஆறு வருஷத்துக்கு முந்தைய பாறை. ஒரு மூலையில் மட்டும் முப்பது கூடை மண் மிச்சமிருந்தது.

"மண்ணு எங்க?" என்றார்.

"எந்த மண்ணுங்க? நீங்க குடுத்தது கல்லுங்களே. எல்லாம் அப்பிடியே இருக்குது. ஒரு கல்லக்கூட நான் எடுத்துட்டுப் போகலீங்க. வேணுமுன்னா எண்ணிப் பாத்துக்கங்க."

"நர்ஸு! எடம் என்னுது!"

"எடத்த யாருங்க தொட்டாங்க?"

"நான் கோர்ட்டுக்குப் போவேன்!"

"போங்க. வேண்டாங்கல. 'என்ர குப்பையக் காணோமுங்க'ன்னு ஜட்ஜுகிட்ட நீங்களே சொல்லுவீங்களா, வக்கீல உட்டுச் சொல்லுவீங்களா?"

கோபம் உச்சிக்குப் போனாலும் எங்கள் ஊரில் 'ங்க' போகாது. நர்ஸம்மா சொன்ன ஒவ்வொரு 'ங்க'வுக்கும் பண்ணாடி முகம் ஒரு சுற்றுச் சிவந்தது. மருமகன் மோட்டார் பக்கமாக நகர்ந்துவிட்டார்.

பண்ணாடி மூச்சு வாங்கினார். "ஊட்டயும் இன்னிக்கே காலி பண்ணு. இனி என்ர வண்டியும் மாடும் இதத் தொடக்கூடாது. மிச்சம் இருக்கறது உனக்கு வேணுமா? உங்க ஆளுங்களுக்குத்தான் பழக்கமாச்சே. தலையில சொமந்துட்டுப் போ. பொழுது சாயறதுக்குள்ள எவ்வளவு சொமக்கறயோ சொமந்துக்க. மிச்சம் என்னுது."

நர்ஸம்மா பண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். "சொமக்கறனுங்க. இந்தவாட்டி என்ர காட்டுக்கு" என்றார். ஒரு பழைய துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டினார். கூடையில் மண்ணை அள்ளினார். தூக்கப் பார்த்தபோது முழங்கால் மடங்கியது. கூடை பாதி உயரத்தில் நின்றது.

எங்கள் வீட்டிலும் கொடுமுடிக்குப் பக்கத்தில் காடு இருக்கிறது. ஆனால் என் அப்பாவோ தாத்தாவோ எருக்கூடையைத் தலையில் வைத்ததில்லை. அதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். அந்த ஆட்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், அவர்களுக்குக் காலில் செருப்பு இருந்ததா என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்காமலே இருந்ததற்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது. பாக்டரிக்கு நேரமாகிவிட்டது. கஞ்சி போட்ட சட்டை. போய் அந்தக் கூடையைப் பிடித்தேன்.

"உடுங்கம்மா" என்றேன்.

"தம்பி, சட்ட அழுக்காயிரும்."

"ஆகட்டுமுங்க. சும்மாட்டக் குடுங்க."

என் தலையில் கூடை ஏறியதும் முதல் நம்பர் வீட்டுக்காரர் தன் வீட்டுக் கூடையைக் கொண்டுவந்தார். ஆறாம் நம்பர் அம்மணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். பிறகு எல்லோருமே வந்தார்கள். பெருந்துறைக்காரர் கம்பளியை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு, "மார்கழில எவனாச்சும் குப்பை சொமப்பானா?" என்று சத்தமாகப் புலம்பியபடியே இரண்டு பேர் தூக்குகிற கூடையை ஒருவராகத் தூக்கினார். கடைசியாக ராசு. பண்ணாடி அவரை முறைத்தார். "வண்டியும் மாடுந்தானுங்க தொடக்கூடாதுன்னீங்க" என்று சொல்லிவிட்டு ராசுவும் ஒரு கூடையை ஏற்றிக்கொண்டார்.

பட்டப்பகலில், கடைவீதி வழியாக, வரிசையாகப் போனோம். ஜனங்கள் கடையை விட்டு இறங்கி வந்து பார்த்தார்கள். எங்கள் பாக்டரி வாசலில் மானேஜர் நின்றுகொண்டிருந்தார். மண் வழிந்த முகத்தோடு வருவது தன் குமாஸ்தாதான் என்று அடையாளம் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என்னய்யா இது கோலம்? யாருக்காக இந்தக் குப்பையச் சொமக்கறே?"

"எங்கம்மா ஊடு மாத்தறாங்க சார்" என்றேன்.

அந்த வார்த்தை எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. யோசித்துச் சொன்னதில்லை. எனக்கு முன்னால் வெறுங்கையை வீசிக்கொண்டு போய்க்கொண்டிருந்த நர்ஸம்மாவின் காதில் அது விழுந்திருக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் வந்து சேரும் வரைக்கும் நடையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கிக்கொண்டார்.